வேறே ஒண்ணும் இல்லை, டாக்டர்

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் படகு பிடித்துச் சுந்தரவனத்துக்குள் போக வேண்டியதில்லை. ஏதாவது ஒரு டாக்டரின் அறைக்கு வெளியே, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்கும்: "வேறே ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" கேள்வி முடிவதற்குள் பதில் பாய்ந்து வரும்: "வேறே ஒண்ணும் இல்லை, டாக்டர்."

அதுதான். அதுதான் இந்த இனத்தின் உறுமல்.

பொய் சொல்கிறார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார்கள். ஏனென்றால் இவர்கள் அகராதியில் மருந்து என்பது டாக்டர் எழுதிக் கொடுத்து, கடையில் சீட்டைக் காட்டி வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டு, வேளை தவறாமல் விழுங்கப்படுவது. தலைவலிக்குப் போட்டுக்கொள்வது மருந்தா? அது காபிக்குத் தம்பி. ஜலதோஷத்துக்குப் போடுவது? அது சுக்குக் கஷாயத்தின் பட்டணத்து உறவு. முழங்காலுக்கு, இடுப்புக்கு, கழுத்துப் பிடிப்புக்கு? அதெல்லாம் வலிக்குத்தானே, நோய்க்கு இல்லையே! வலிக்காகச் சாப்பிட்டதை எல்லாம் இதய டாக்டரிடம் போய்ச் சொல்வது, செருப்பு தைக்கக் கொடுத்ததை நகைக்கடையில் சொல்கிற மாதிரி. அவருக்கு எதற்கு?

இன்னொரு அடையாளமும் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு மாத்திரைகளின் பெயர் தெரியாது. நிறம் தெரியும். கல்கத்தா மருந்துக் கடைகளில் அட்டையாக வாங்க வேண்டும் என்ற கட்டாயம் ஏது? நாலு கேட்டால் நாலு. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையைக் கத்தரிப்பார். பெயர் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிடும், பெயர் இல்லாத பாதி நம்மோடு வந்துவிடும். "தாதா, அந்த ஹோல்தே மாத்திரை" என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துக் கேட்டால் மஞ்சள் வரும். "நீல்" என்றால் நீலம் வரும். ஹோலி கொண்டாடுவதற்குச் சாமான் வாங்குகிறார்களா, முழங்காலுக்கு வாங்குகிறார்களா என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சந்தேகம் வரும்.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி கல்கத்தா லேக் கார்டன்ஸில் வசிக்கிறார். பெயர் பட்டாபிராமன். துறைமுகத்தில், தணிக்கைப் பிரிவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இதை நீங்கள் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும்: தணிக்கை. எதிரே நடுங்கிக்கொண்டு நிற்கும் ஆசாமியைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வேறே வவுச்சர் எதுவும் இல்லையே?" என்று கேட்பதும், "ஒண்ணும் இல்லை சார்" என்ற பதிலை ஒரு நாளும் நம்பாததும்தான் அவர் பார்த்த உத்தியோகம். அந்த மனிதர்தான் டாக்டர் எதிரே உட்கார்ந்து, அதே வாக்கியத்தை, அதே பவ்யத்தோடு, சாருக்குப் பதில் டாக்டர் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டாபிராமனுக்கு இதயக் குழாய் அடைக்காதபடி ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதற்காக ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆஸ்பிரினும் அதற்குத் துணையாக இன்னொன்றும், பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. இவை அத்தனையும் அக்கினி சாட்சியாக வீட்டுக்குள் வந்தவை. சாப்பாட்டு மேஜையில், கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், ஊரறியக் குடித்தனம் நடத்துகிறவை. வருகிறவர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டி, "பாருங்கோ, ஒரு வேளை தப்பினது இல்லை" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சின்ன வீடும் இருந்தது. அது அவருடைய பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

கூட்டைத் திறந்தால் மஞ்சள், நீலம், வெள்ளை, ரோஜா நிறத்தில் ஒன்று, குங்குமப்பூப் போட்ட பாயசம் மாதிரி ஒன்று. முழங்கால் மடங்க மறுத்தால் நீலம். நீலம் கேட்கவில்லை என்றால் ரோஜா. மூக்கு ஒழுகினால் மஞ்சள். உடம்பு கதகதவென்று இருந்தால் வெள்ளை. எதுவுமே இல்லாமல் வெறுமனே மனசு சரியில்லை என்றால் எது கைக்கு அகப்படுகிறதோ அது. மனைவி சுப்புலக்ஷ்மி மாமி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, கூட்டை மெதுவாகத் திறந்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பேப்பரை விரித்துக்கொள்வார். யோக்கியமான மனிதர் வேறு எப்படித்தான் இருப்பார்?

இவ்வளவு ரகசியம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு சொம்பு.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் கார்டன்ஸ் பஜனை கோஷ்டி உஞ்சவிருத்தி போகும். தலைவர் தோளில் பித்தளைச் சொம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாமம் பாடிக்கொண்டு, வீடு வீடாக ஏறி இறங்குவார். தமிழ் வீடுகளில் அரிசி போடுவார்கள். வங்காளி வீடுகளிலும் காதை மூடும் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஒரு பிடி கோபிந்தபோக் அரிசி போட்டுக் கும்பிடுவார்கள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடங்கள். ஏற வேண்டும், இறங்க வேண்டும். அந்தச் சொம்பு வெகு காலமாகப் பட்டாபிராமனின் தோளில் இருந்தது. அவருக்குப் பின்னாலேயே, ஜால்ராவைத் தட்டிக்கொண்டு, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சந்தானம் வருவார். மாடிப்படியில் பட்டாபிராமன் ஒரு வினாடி நின்றால் போதும்.

"என்ன ஓய், முட்டியா?" என்பார் சந்தானம், பாசம் சொட்ட. "குடுங்கோ, நான் வேணா வாங்கிக்கறேன்."

"முட்டியும் இல்லை மொழியும் இல்லை. சுருதி பாக்கறேன்" என்பார் பட்டாபிராமன்.

முழங்கால் வலி என்று டாக்டரிடம் சொன்னால் மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரிந்தால் ஜலஜாவுக்குத் தெரியும். ஜலஜா சந்தானத்தின் மனைவி. புரிகிறதா? ஆகவே நீலம்.

இனி டாக்டர் அறைக்கு வாருங்கள். டாக்டர் மௌஷுமி தத்தா சின்னப் பெண். பாதி ஆங்கிலமும் பாதி வங்காளமுமாகப் பேசுவாள். நோயாளிகளையெல்லாம் மேஷோமஷாய், மாஷிமா என்று சித்தப்பா சித்தி முறை வைத்துக் கூப்பிடுவாள். பிரஷர் பட்டையைக் கழற்றிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"மறுபடியும் ஏறியிருக்கே, மேஷோமஷாய். மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறேன், இறங்க மாட்டேங்குது. வேறே ஏதாவது எடுத்துக்கறீங்களா? வலிக்கு, கிலிக்கு?"

"வேறே ஒண்ணும் இல்லை, டாக்டர்."

"அப்போ உப்பா?"

இந்த இடத்தில் பட்டாபிராமனின் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் வாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி, பக்கத்தில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சுப்புலக்ஷ்மி மாமியின் மேல் போய் நின்றன. டாக்டரின் கண்களும் பின்னாலேயே போயின. தணிக்கைக்காரருக்குத் தெரியாதா, யார் பக்கம் கோப்பைத் தள்ளிவிட வேண்டும் என்று?

அன்று முதல் அந்த வீட்டில் உப்புக்கு ஊரடங்கு. ரசம் வெந்நீரானது. மோர் மோராக மட்டும் இருந்தது. அப்பளம் சுட்டதோடு சரி. மாமியின் தம்பி ஆண்டுதோறும் ரயிலில் கொண்டுவந்து கொடுக்கும் வடுமாங்காய், சமையலறை மூலையில் ராணி மாதிரி வீற்றிருந்த அந்தப் பீங்கான் ஜாடி, அது இருந்தால் இவர் கை நீளும் என்று மாமி அதைத் தூக்கி எதிர் வீட்டு லாஹிரி பாபுவிடம் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது மூடியை ஒரு தரம் திறந்து மோந்து பார்த்தாளாம். லாஹிரி பாபுவே பிற்பாடு சொன்னார். அவர் அதைப் பருப்புச் சாதத்தோடும், லூச்சிப் பூரியோடும், ஒரு முறை ரசகுல்லாவுக்குப் பிறகு வாய் மாற்றவும் சாப்பிட்டார்.

இவ்வளவு நடந்தும் பிரஷர் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? அது ஜாடியில் இருந்தால்தானே?

மார்கழி பிறந்தது. குளிர் அந்த வருஷம் கொஞ்சம் விறைப்பாகவே வந்தது. ஞாயிறு காலை சொம்பைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் பட்டாபிராமன் ஒரு நீலம் போட்டுக்கொண்டார். படிகளை நினைத்து ஒரு ரோஜா. தொண்டை கரகரத்ததால் ஒரு மஞ்சள். நடுவில் ஜுரம் வந்துவிடக் கூடாதே என்று முன்ஜாக்கிரதையாக ஒரு வெள்ளை. டப்பாவிலிருந்து ஆஸ்பிரின் வகையறாவையும் தவறாமல் விழுங்கினார். கடமை கடமைதானே! முழங்கால் வாலிபனைப் போல ஏறியது. சந்தானம் மூச்சு வாங்கினார். அந்தக் காட்சிக்காக இன்னும் ஒரு நீலம் போடலாம் என்று தோன்றியது. போட்டார். இப்படியே இரண்டாம் ஞாயிறும் போனது; வார நாட்களில் ஒத்திகைக்குத் தனி.

அப்புறம்தான் வயிறு எரிய ஆரம்பித்தது. உப்பில்லாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமியிடம் சொன்னார். பாவம் செய்கிறவனுக்குத்தான் எவ்வளவு துணிச்சல்! அதற்கடுத்து, காலைக்கடன் கறுப்பாகப் போயிற்று. அவர் பார்த்தார். தண்ணீரைக் கொட்டினார். வெளியே வந்து பேப்பரை விரித்தார்.

நம்மவர்களின் கௌரவம் எங்கே குடியிருக்கிறது என்று இங்கேதான் தெரியும். உத்தியோகம் போனதைச் சொல்வோம். பிள்ளை பேசாததைச் சொல்வோம். கழிவறையில் கண்டதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். வங்காளிகள் அப்படியா? வயிறு அவர்களுக்குக் குடும்ப விஷயம், பாடா விஷயம், அதாவது பேட்டை விஷயம், ஏன், பொது விஷயம். தெருக் கோடியில் ஒருவருக்கு நேற்றிரவு அஜீரணம் என்றால் இந்தக் கோடியில் மறுநாள் காலை அதற்கு வருத்தம் தெரிவிப்பார்கள். லேக் கார்டன்ஸை ஒட்டிய சரோவர் ஏரிக்கரைப் பெஞ்சில் தினமும் கூடும் பெரியவர்கள் குட் மார்னிங் சொல்வதில்லை, "பேட் பரிஷ்கார்?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். வயிறு சுத்தமா? பட்டாபிராமன் இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்குக் கூச்சத்தோடு ஏரியைப் பார்த்துத் தலையாட்டி வந்தவர்.

அன்று காலை பெஞ்சுக்கு வந்து சேரும்போதே ஏரி ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தார். நெற்றி வேர்த்தது. மற்றவர்கள் மஃப்ளருக்குள் நடுங்கிக்கொண்டிருக்க இவருக்கு வேர்வை.

"கீ ஹோலோ, என்ன ஆச்சு, பட்டாபி பாபு?" லாஹிரி பாபு பதறி எழுந்தார். "முகம் கடுதாசி மாதிரி இருக்கே. பேட்? வயிறு?"

"ஒண்ணும் இல்லை."

"காலையில போனீங்களா?"

"போனேன்."

"எப்படி?"

ஏரியில் ஒரு படகுக்காரப் பையன் கூட்டம் துடுப்புப் போட்டுக்கொண்டு போனது. பட்டாபிராமன் அதையே பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, அந்தப் பொருளைப் பற்றி ஒரு சொல் உதிர்த்தார். "கறுப்பு."

லாஹிரி பாபு நிமிர்ந்தார். இதுநாள் வரை அவர் பொழுதுபோக்காகப் பேசிவந்தது எல்லாம் இந்த ஒரு தருணத்துக்குப் பயிற்சிதானோ என்று தோன்றும்படி இருந்தது அவர் முகம். "சும்மா கறுப்பா, ஆல்காத்ராவா? ரோட்டுக்குப் போடற தார் மாதிரி, பிசுக்பிசுக்னு?"

தலையாட்டல்.

"எத்தனை நாளா?"

ஏரியையே பார்த்தார்.

"அட பகவானே! இதைச் சொல்ல வெக்கமா? இது வெக்கப்படற நிறம் இல்லை, பயப்படற நிறம்!" என்று அந்தப் பெரியவர் அலறிய அலறலில், படகில் இருந்தவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்ஸியில் ஏற்றும்வரை அவர் கையை விடவில்லை. ஏற்றிய பிறகும் டிரைவரிடம் நிறத்தை விளக்கிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு கையில் சலைன் ஏறுகிறது. மாமி தலைமாட்டில். டாக்டர் மௌஷுமி விழுந்தடித்துக்கொண்டு வந்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள்.

"வயித்துல எங்கேயோ ரத்தம் கசியுது, மேஷோமஷாய். நான் கொடுத்திருக்கிறது மட்டும் இவ்வளவு பண்ணியிருக்கும்னு தோணலை. இப்போ நான் எதை நிறுத்தணும், எதைக் கொடுக்கணும்னு முடிவு பண்ணியாகணும். ஸ்டென்ட் வேற இருக்கு. தப்பாப் போச்சுன்னா ரெண்டு பக்கமும் ஆபத்து. அதனால யோசிச்சுச் சொல்லுங்க. வேறே என்ன சாப்பிட்டீங்க?"

கேட்டீர்களா? உயிர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதுகூட இந்த இனத்தின் நாக்கு பழைய பாதையில்தான் புரண்டது.

"வேறே ஒண்ணும்..."

"டாக்டர்." குறுக்கே வந்தது மாமியின் குரல். மாமி அழுதுகொண்டிருந்தாள். "தப்பு என் பேர்லதான் டாக்டர். போன வாரம் ஒரு நாள் அப்பளம் பொரிச்சுட்டேன். சுடலை, பொரிச்சேன். ரெண்டே ரெண்டு. இவர் கேக்கக்கூட இல்லை. வாய்க்கு ஒண்ணும் இல்லாம சாப்பிடறாரேன்னு நான்தான் மனசு கேக்காம... ரசத்துலயும் ஒரு கல் உப்பு கூடப் போட்டேன். உங்ககிட்ட சொல்லலை. மன்னிச்சுடுங்கோ."

ஓர் அப்பளத்துக்கு ஏன் இந்த அழுகை என்று டாக்டருக்குத் தெரியவில்லை. பட்டாபிராமனுக்குத் தெரிந்தது. அவர் பார்த்த தணிக்கை வாழ்க்கை முழுவதும் கள்ளக் கணக்குக்காரர்கள் எவரும் இப்படித் தாமாக முன்வந்து ஒரு குண்டூசியைக்கூட ஒப்புக்கொண்டது கிடையாது. எதையும் எடுக்காதவர்கள்தான் இப்படி ஓர் அப்பளத்துக்கு அழுவார்கள்.

"சுப்பு," என்றார். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "அந்த ஸ்வெட்டர்ப் பையிலே என் பழைய கண்ணாடிக் கூடு இருக்கும். எடு."

"இப்போ என்னத்தைப் படிக்கப் போறேள்? பேசாம படுங்கோன்னா."

"படிக்க இல்லைடீ. திற."

மாமி திறந்தாள். ஹோலி வந்தது. வெள்ளை விரிப்பின் மேல் மஞ்சள், நீலம், ரோஜா, இன்னும் என்னென்னவோ உருண்டன. ஒன்று தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் சந்தேகத்துக்கிடமான வேகத்தில் ஓடி ஒளிந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரில்லாத மாத்திரைகளை, நிறத்தைச் சொல்லிக் கடைக்காரரிடம் போனில் விசாரித்துப் பிரித்து வைத்தாள்.

"இந்த மஞ்சள், இந்த வெள்ளை, இதோ இந்தக் குங்குமப்பூ. மூணு வேஷம், உள்ளே ஒரே ஆளு. பாரசிட்டமால். அளவோட தனியா வந்தா நல்லவன்தான். மூணு பேர்ல மூணு வாசல் வழியா வந்தா கல்லீரல் என்ன பண்ணும்? இந்த நீலம் ஐபுபுரூஃபன். ரோஜா டைக்ளோஃபினாக். இவங்க ரெண்டு பேரும்தான் உங்க வயித்தைப் புண்ணாக்கினவங்க. நான் கொடுத்தது ரத்தத்தைக் கட்ட விடாது. இவங்க ஓட்டை போட, நான் கதவைத் திறந்து வச்சிருக்கேன். பிரஷரை ஏத்தினதிலயும் இவங்க கை உண்டு. நான் இத்தனை மாசமா உங்களுக்கா மாத்திரை கூட்டினேன்? இந்தக் கூட்டுக்குக் கூட்டியிருக்கேன்!"

பட்டாபிராமன் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த ஹார்ட் மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துவீங்க! நீங்களா நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கும். எது நிக்கணும், எது நடக்கணும்னு நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். சொல்றது."

சுப்புலக்ஷ்மி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரிப்பின் மேல் கிடந்த நிறங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், மிக மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ என் வடுமாங்காய்?"

டாக்டருக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற லாஹிரி பாபுவுக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் மட்டும் நன்றாகத் தெரியும். அவர் கூரையைப் பார்த்தார். ஜாடி கழுவிக் கவிழ்த்தாகி வெகு நாளாயிற்று.

பட்டாபிராமன் பிழைத்துக்கொண்டார். குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், பிரஷர், கண்ணாடிக் கூடு காலியானதும், வெட்கப்பட்ட மாதிரி தானாக இறங்கி வந்தது. சொம்பு சந்தானத்தின் தோளுக்குப் போய்விட்டது. அபஸ்வரம் மூன்றாவது மாடிவரை ஏறிக் கேட்கிறது என்று பட்டாபிராமன் பால்கனியில் உட்கார்ந்து தணிக்கை செய்கிறார். முழங்காலுக்கு இப்போது பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருகிறாள். ரொம்ப முடியாவிட்டால் டாக்டரிடம் கேட்டு, சொன்ன அளவில், பெயரைப் படித்துப் பார்த்து, பாரசிட்டமால்.

போன மாதம் இருவரும் டாக்டரிடம் போனார்கள். திருந்தியவர்களின் தொல்லை உங்களுக்குத் தெரியும். "வேறே?" என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், பட்டாபிராமன் ஓமவல்லி இலையில் ஆரம்பித்து, பெருங்காயம், வெந்நீரில் போட்ட மிளகு, கோவில் தீர்த்தத்தில் கரைந்திருக்கக்கூடிய பச்சைக் கற்பூரம் வரை ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"மாஷிமா, நீங்களும்தான் பிரஷர் மாத்திரை போடறீங்க. உங்களுக்கு வேறே ஏதாவது?"

"எனக்கா?" என்றாள் சுப்புலக்ஷ்மி மாமி, மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை ஒரு கையால் மூடிக்கொண்டே. "எனக்கு வேறே ஒண்ணும் இல்லை, டாக்டர்."

பட்டாபிராமன் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பையைப் பார்த்தார். பிறகு மாமியின் தோளைப் பார்த்தார். மாவாட்டிய தோள் அது, எத்தனை வருஷமாக வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கத்தான் வேண்டும். கேட்டார். ஜிப் திறந்தது. உள்ளே இருந்ததை நான் சொல்லப் போவதில்லை. நிறம் மட்டும் நீலம்.

ஆமாம், நீங்கள் ஏன் இப்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள்? ஓ, அதுவா. அது தலைவலிக்குத்தானே.